ஃபோர் ரோசஸ் லிமிட்டட் எடிஷன் ஸ்மோல் பட்ச்: கொழும்பு வெக்கையில் திறந்து வைத்த போத்தல்

இது நல்ல பேர்பன், அதாவது சோளம் கூடிய அமெரிக்க விஸ்கி, என்பதில் தகராறு இல்லை. கென்டக்கியில் இலையுதிர் காலத்தில் ஆண்டுக்கொருமுறை வெளியாகும் இதன் கடை விலை, அமெரிக்காவிலேயே அண்மைக் காலமாக 200 டாலர் அளவிலோ அதற்கு மேலோ நிற்கிறது. கைமாறி, வரி ஏறிக் கொழும்புக்கு வரும்போது கணக்கு வேறு. அந்த விலைக்குத் தகுமா என்பதை, இதே கம்பனியின் சாதாரண சிங்கிள் பெரலை, அதாவது ஒரே பீப்பாயிலிருந்து அடைப்பதை, பக்கத்தில் வைத்தால்தான் சொல்லலாம்.

ஃபோர் ரோசஸில் இரண்டு தானியக் கலவைகள். ஒன்றில் ரை என்ற தானியம் 20 வீதம், மற்றதில் 35 வீதம். ஒவ்வொன்றையும் ஐந்து ஈஸ்ட் வகைகளில் புளிக்க வைக்கிறார்கள். ஆகப் பத்து ரெசிப்பி. சிங்கிள் பெரல் அவற்றில் ஒன்று மட்டும்: ஓ.பி.எஸ்.வி (கம்பனியின் குறியீடு, கடைசி எழுத்து ஈஸ்ட் வகை), 50 வீத அற்ககோல். லிமிட்டட் எடிஷனில் சில ரெசிப்பிகளின் மூத்த பீப்பாய்களைக் கலந்து, தண்ணீர் சேர்க்காமல் அடைக்கிறார்கள். கடுமை ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெரும்பாலும் 54 முதல் 57 வீதத்துக்குள். அந்தந்த வெளியீட்டில் எந்த ரெசிப்பி, எத்தனை வயது என்பதைக் கம்பனியே சொல்லிவிடும். வாங்குமுன் அதைப் பாருங்கள். கே ஈஸ்ட் என்றால் மசாலாக் காரம், ஓ என்றால் கனிந்த பழம், கியூ என்றால் பூ மணம். ‘ஸ்மோல் பட்ச்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது, அதற்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

சுவைக்கும்போது இங்கே முதல் எதிரி வெக்கை. முப்பது பாகையில் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே அற்ககோல் ஆவி முந்திக்கொள்ளும். பழமும் வனிலாவும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். ஏசி அறையில் போத்தலையும் கிளாஸையும் ஒரு மணிநேரம் வைத்து, வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள். மணக்கும்போது வாயைச் சற்றுத் திறந்து வைத்தால் மூக்கு எரியாது. தென்னஞ்சாராயம் பழகியவர்களுக்கு முதலில் தட்டுவது தேங்காய் வாசனைதான். அது பீப்பாயின் வெள்ளை ஓக் மரத்திலுள்ள லக்டோன் என்ற மணப்பொருள், தென்னைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் மிடறு வாயைப் பழக்க மட்டும், தீர்ப்பு இரண்டாவதிலிருந்து. 54 வீதப் போத்தலில் 30 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தண்ணீர் விட்டால் 46 வீதத்துக்கு இறங்கும். மூடிக் கிடந்த பழச் சுவை அங்கேதான் வெளிவருகிறது. டெவல் பைட் பக்கத்தில் வேண்டாம்: மிளகாய் எரிவும் அற்ககோல் எரிவும் சேர்ந்தால் நாக்கு எதையும் பிரித்தறியாது.

ஒப்பீட்டுக்கு மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் 15 மில்லி. இரண்டில் சிங்கிள் பெரல், ஒன்றில் இது. எது எதுவென்று தெரியாதபடி வேறொருவர் ஊற்றட்டும். லிமிட்டட் எடிஷன் 54 வீதமானால் அந்தக் கிளாஸில் 1.2 மில்லி தண்ணீர் சேர்த்து 50க்கு இறக்க வேண்டும். பார்மசியில் கிடைக்கும் 2 மில்லி சிரிஞ் போதும். இல்லாவிட்டால் கடுமையையே தரமென்று நினைத்துவிடுவோம். சமப்படுத்திய பின் இனிப்பிலும் வனிலாவிலும் பெரிய வித்தியாசமில்லை. விழுங்கிய பிறகு நிற்கும் சுவையின் நீளத்திலும், பழம், மசாலா, மரம் என ஒவ்வொன்றாக மாறுவதிலும்தான் லிமிட்டட் எடிஷன் முந்துகிறது.

மாதக்கணக்கில் வைத்துக் குடித்தால் போத்தலும் மாறும். திறந்த புதிதில் இறுக்கம். சில வாரங்களில் பழம் விரியும். அதுதான் இதன் நல்ல காலம். மூன்றிலொரு பங்குக்குக் கீழே இறங்கி மாதங்கள் போனால் பழம் முதலில் கழன்றுவிடும், மிஞ்சுவது கடுஞ்சாயப் பிளேன்டீ போன்ற துவர்ப்பு. ஏசியைப் போட்டு அணைக்கும் அறையில் இது விரைவு, ஏனென்றால் வெப்பம் ஏறி இறங்கும்போதெல்லாம் போத்தலுக்குள் புதுக் காற்று போய்வருகிறது. சூடு மாறாத அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் கார்க் ஊறி உதிரும். பாதியானதும் சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பிவிடலாம். சாராயக் கால் போத்தலைக் கழுவிப் பாவிப்பதானால் மூடி புதிதாக வேண்டும். பழைய மூடியின் உள்வட்டில் மணம் தங்கிவிடும்.

அமெரிக்கக் கடை விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். இரு மடங்கு என்றால் நாலு பேர் பங்குபோட்டு வாங்குவது சரி. அதற்கு மேலே கேட்டால் சிங்கிள் பெரலே போதும். கைமாறி வரும் போத்தலில் மூடியின் சீல் உடையாததையும் கழுத்தில் மது நிற்கும் மட்டத்தையும் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.