பொங்கல் கூடலுக்கு கப்பன் பூங்கா: நடத்திப் பார்த்தவள் சொல்கிறேன்

பெங்களூரில் தமிழ் பேசும் பால்புதுமையினர் (திருநர்கள், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் எல்லோரும்) நாங்கள் சிலர் சேர்ந்து இந்தப் பொங்கலை கப்பன் பூங்காவில் கொண்டாடினோம். இடம் எப்படி, எங்களுக்கும் ஒத்துவருமா என்று ஓசூர், கோலார் பக்கத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாக ஒத்துவரும்.

முதலில் ஒரு சின்ன மண்டபம்தான் பேசியிருந்தோம். என்ன விசேஷம் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னோம். மறுநாளே முன்பணம் திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகுதான் பூங்கா என்று முடிவானது. இப்போது மண்டபமே இலவசமாகக் கிடைத்தாலும் நான் பூங்காவைத்தான் சொல்வேன்.

காரணம் இதுதான். மண்டபத்தில் ஒரே வாசல். உள்ளே காலை வைத்துவிட்டால் வந்ததாக ஆகிவிடும். வீட்டில் இன்னும் சொல்லாத பிள்ளைகளுக்கு அந்த வாசல் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். கப்பன் பூங்காவுக்குள் வர யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம், டிக்கெட்டும் கிடையாது. நாங்கள் பேண்ட் ஸ்டாண்டிலிருந்து சற்றுத் தள்ளி, பெரிய மரம் ஒன்றின் நிழலில் ஜமக்காளம் விரித்திருந்தோம். புதிதாக வந்த ஒரு பெண் எதிர் மரத்தடியில் போனைப் பார்ப்பதுபோல வெகுநேரம் நின்றாள். கூப்பிட வேண்டாம் என்று எல்லோருக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எங்கள் சிரிப்பு, பாட்டு, அரட்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவளாகவே வந்து உட்கார்ந்தாள். வேறொருவர் வரவேயில்லை, தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி ‘அடுத்த முறை வரேன்க்கா’ என்று செய்தி அனுப்பினார். அவருக்கும் அது கொண்டாட்டம்தான் என்று நினைக்கிறேன்.

இதே ஊரில் இருக்கும் லால்பாக் தோட்டமும் அழகுதான். ஆனால் அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு, ஜனவரியில் குடியரசு தின மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேறு. நிம்மதியாக வட்டமாக உட்கார முடியாது.

வந்து சேர்வது சுலபம். ஊதா வழித்தடத்தில் கப்பன் பார்க் என்றே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அல்சூர்க்காரர்களுக்கு ரயில் மாற வேண்டிய வேலையே இல்லை. ஸ்ரீராமபுரத்துக்காரர்கள் மெஜஸ்டிக்கில் மாறினார்கள். கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் பெண்களோடு திருநங்கைகளுக்கும் அரசு சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் வண்டிகளை விடுவதில்லை என்பதால் அந்தக் கிழமையே நல்லது.

சாப்பாட்டை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். 2023-இல் பூங்காவுக்குள் சாப்பிடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. மிச்சம் மீதியைத் தேடி எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது என்றார்கள். சரியான காரணம்தான். அதனால் அடுப்பு, பானை எதையும் நாங்கள் கொண்டுபோகவில்லை. பொங்கல் அல்சூரில் ஒரு தோழி வீட்டில் வெந்துகொண்டிருந்தது. கூடல் முடிந்ததும் எல்லோரும் அங்கே போய்விட்டோம்.

கோலத்துக்கு மாவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நான் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலை செய்பவள். ஆறு நிறத்தில் வெட்டுத்துணி சேர்த்து வைத்திருந்தேன். ஜமக்காளத்தின் மேல் அந்தத் துண்டுகளை வைத்தே பெரிய பூக்கோலம் போட்டோம். பெரியக்காவுக்குக் கோலத்தில் கை அப்படி ஓடும். சேலத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே வீட்டை விட்டு இந்த ஊருக்கு வந்த திருநங்கை அவர். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப் பிரிவு உயிரோடிருந்த நாட்களில் இதே பூங்காவில் இருட்டிய பிறகுதான் சந்தித்துக்கொள்வார்களாம். யாராவது விரட்டினால் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று முதலிலேயே பார்த்து வைப்பார்களாம். அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு பிறந்த குழந்தை ஒன்று அன்று அவர் மடியில் உட்கார்ந்து துணித் துண்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கூட்டத்துத் திருநம்பி ஒருவருடைய அக்கா மகள். பத்தரை மணி வெயிலில், அத்தனை பேர் நடமாடும் இடத்தில் பெரியக்கா சத்தமாகக் கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுத்தார். என்னால் கூடவே பாட முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

நடைப்பயிற்சிக்கு வந்த வயதான தம்பதி நின்று, தமிழ்ச் சங்கமா என்று கேட்டார்கள். நாங்கள் யார் என்று நேராகவே சொன்னேன். ஐயா ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா மட்டும் குனிந்து, கோலத்தில் ஒரு இதழ் கோணலாக இருக்கிறது என்று சரிசெய்துவிட்டுப் போனார்.

கழிப்பறைதான் எந்தப் பொது இடத்திலும் நம் ஆட்களுக்குக் கவலை. யாரையும் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராகப் போகட்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு மடக்கு நாற்காலி எடுத்து வாருங்கள். மரத்தில் கயிறோ ஆணியோ வேண்டாம், வானவில் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டாலே அழகு. படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இதில் நான் கறாராகவே இருந்தேன். மைக்கோ பந்தலோ நாங்கள் வைக்கவில்லை. பெரிய கூட்டம், நிகழ்ச்சி என்றால் பூங்காவைப் பராமரிக்கும் தோட்டக்கலைத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சித்திரை முதல் நாளுக்கு இதே இடத்தை யோசிப்பவர்கள் காலை ஏழு மணிக்கே கூடுங்கள். ஏப்ரல் வெயில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆகாது, சாயங்காலம் என்றால் திடீர் மழை இருக்கிறது. அப்புறம், ஜமக்காளத்தை நான் கொண்டுவருகிறேன்.