பின்வாசல் ஜெராக்ஸ் கடை: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

நான் பிஎச்.டி. மாணவன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்க வேண்டும். அதற்காக அச்சடிக்க வந்து வந்தே நான் இங்கே பழைய வாடிக்கை. என் குழுவில் ஒருவர் "300 பேரிடம் கணக்கெடுப்பு நடத்துங்க" என்பார். இன்னொருவருக்கு எண்களே ஆகாது. 20 பேரிடம் ஆழமாகப் பேசினால் போதுமாம். இந்த இழுபறியில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை மட்டும் நாலு முறை அச்சடித்தேன்.

கடைக்கார அண்ணன்தான் வழி சொன்னார்: "ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறேன் தம்பி, எதிர்ப்பக்கம் காலியா இருக்கட்டும்." அங்கே இருவர் கருத்தையும் எதிரெதிரே எழுதி நெறியாளரிடம் காட்டினேன். கணக்கெடுப்பு முதலில், நேர்காணல் பிறகு என்று முடிவாகி, கூட்டக் குறிப்பிலும் ஏறிவிட்டது. இனி யாரும் மாற்ற முடியாது (பார்ப்போம்).

ஸ்பைரல் பைண்டிங் 40 ரூபாய், பக்கம் மாற்றச் சுலபம். மாலையில் கூட்டம் அதிகம், அதற்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.