பேய்க்கதை மாநாட்டுக்குக் காசு கட்டுமுன் இதைப் படிச்சிருங்க

பாளையங்கோட்டையில் மாசி மாதம் நடந்த பேய்க்கதை எழுத்தாளர் மாநாட்டில் 6,700 ரூபாயையும் ஒரு கதையையும் பறிகொடுத்தவன் எழுதுகிறேன். ரூபாய் போகட்டும், கதை போனதுதான் இன்னும் ஆறவில்லை. நடத்தினவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆள் யாரென்பதைவிட எப்படி வலை விரித்தார் என்பது தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ் அடிக்கிற கை. ராத்திரி கடை சாத்தினபிறகு பேய்க்கதை எழுதுவேன். இரண்டு மூன்று பத்திரிகையில் வந்திருக்கிறது, துட்டு வந்ததில்லை. தை மாதக் கடைசியில் வாட்சப்பில் ஒரு போஸ்டர் வந்தது. இரண்டு நாள் மாநாடு, பதிப்பாளர் சந்திப்பு, தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ராத்திரி கணியான் கூத்து (எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைகளில் மகுடம் கொட்டிப் பாடி ஆடுகிற கூத்து), தேர்வான கதைகளுக்குத் தொகுப்பு நூல், ஆளுக்குப் பத்துப் பிரதி. மேலே புதுமைப்பித்தன் படம், அதன் கீழே பிறந்த வருஷம் 1948 என்று இருந்தது. அது அவர் செத்துப்போன வருஷம். பிறந்தது 1906. பக்கத்துத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த மனுஷருடைய பிறந்த வருஷம் தெரியாத ஆள் பாளையங்கோட்டையில் இலக்கிய மாநாடு போடுகிறார் என்றால் நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். பிழை திருத்திப் பிழைக்கிறவன் கண்ணில் அது படாமலா இருக்கும்? பட்டது. டிசைன் பண்ணின பையன் தப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் போன். "அண்ணாச்சி, உங்க கதை செலக்ட் ஆயிட்டு. எங்க எடிட்டரு படிச்சுட்டு ராத்திரி பூரா லைட்ட அணைக்கலையாம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கணக்கு வந்தது. பதிவுக் கட்டணம் 2,500. தொகுப்பு நூலுக்குப் பங்குத்தொகை 3,000. ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண் வாங்க 1,200. பணம் போட வேண்டிய யுபிஐயில் அமைப்பின் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண் பெயர் காட்டியது. கேட்டதற்கு "நம்ம மதினிதான், டிரஸ்ட் அக்கவுண்டு இன்னும் ஓப்பன் ஆகல" என்றார்.

இதில் அந்த 1,200-ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற முகமை, பதிப்பகம் விண்ணப்பித்தாலும் எழுதினவரே விண்ணப்பித்தாலும் இலவசமாகத் தருகிறது. எனக்கு இது தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். என் கடையிலேயே இரண்டு பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தேதான் அனுப்பினேன். மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவோம் என்று போஸ்டரில் இருந்ததே, அதற்காகத்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதை விட்டுவிட்டுச் சொன்னால் இந்தப் பதிவே பொய்.

சனிக்கிழமை காலை போய் இறங்கினால், தனி அறை என்பது மண்டபத்து மணமகள் அறை. கண்ணாடி முழுக்க ஒட்டிப்போட்ட ஸ்டிக்கர் பொட்டு. ஒன்பது பேருக்கு ஆறு பாய். சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பையைத் தலைக்கு வைத்துச் சிமெண்டுத் தரையிலேயே படுத்துக்கொண்டார். பத்து மணி நிகழ்ச்சி பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் மனை விற்கிறவர். முக்கால் மணி நேரம் மனைதான் பேசினார். பதிப்பாளர் சந்திப்புக்கு வந்த பதிப்பாளர்கள் மொத்தம் ஒருவர். அவரும் போன் வந்து எழுந்து போனவர் போனவர்தான்.

கூத்துக்கு மட்டும் நிஜமாகவே ஆள் வந்தது. முன்னின்று பாடுகிற அண்ணாவி, மகுடம் என்கிற தோல்கருவி கொட்டுகிறவர்கள் இரண்டு பேர், பெண் வேஷம் கட்டின ஆட்டக்காரர்கள் இரண்டு பேர். மகுடத்துத் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் சுதி நிற்கும். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக்கூடாது என்று வாட்ச்மேன் மறித்துவிட்டார். பின்பக்கம் எச்சில் இலை குவிந்து கிடந்த இடத்தில் பேப்பர் தட்டுகளைக் கொளுத்தி, அந்தப் புகையில் தோலைக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் பெரியவர். "சுடலைமாடன் முன்னால கொட்டுற கொட்டு தம்பி, இங்கன வந்து கெடக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மேடைக்கு வந்து மாடன் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிற இடத்தை எடுத்தார் அண்ணாவி. இரண்டு மகுடமும் ஒன்றையொன்று துரத்த, ஆட்டக்காரர் கால் சதங்கை முதலில் மெதுவாக, பிறகு நிற்காமல். கொடை பார்த்தே வளர்ந்தவன் நான். இருந்தும் டியூப்லைட் வெளிச்சத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகுத்தண்டு ஒருதரம் சில்லிட்டது. இரண்டு நாளில் பயம் என்று ஒன்றைக் கண்டது அந்தக் கால் மணி நேரம்தான். அதற்குள் அமைப்பாளர் மேடையேறி மைக்கை வாங்கி, "நன்றி, நன்றி, போட்டோ எடுத்துக்குவோம்" என்றார். பேசின கூலியில் பாதிதான் அவர்கள் கைக்கு வந்தது என்று ஊர் திரும்பும்போது தெரிந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எங்களால் ஆனதைக் கொடுத்தோம். அது அவர்கள் வேன் வாடகைக்கே காணாது.

ஞாயிறு மத்தியானம் புத்தகம் வந்தது. பத்துப் பிரதிக்குப் பதில் ஒன்று. மிச்சம் வேண்டுமானால் பிரதிக்கு 180 ரூபாய். பிரித்தேன். என் கதை 'சாமக்கொடை'. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் திருத்தாமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். கொம்பெல்லாம் கழன்று ஒரு பக்கம், காலெல்லாம் ஒரு பக்கம். கதைத் தலைப்பிலேயே 'கொ' மூன்று துண்டாகக் கிடந்தது. முதுகில் பசை போதாமல் இரண்டாவது தடவை பிரிக்கும்போதே எட்டுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. பின்னட்டையில் பார்கோடு இருந்தது. ஊருக்கு வந்து பக்கத்து மளிகைக்கடை ஸ்கேனரில் காட்டினேன். கீழே அச்சிட்டிருந்த எண் ஒன்று, பீப் அடித்து வந்த எண் வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். புத்தகத்தைக் கொடுக்கிற மேஜையில் ஒரு படிவம் வைத்திருந்தார்கள். "இதுல ஒரு கையெழுத்து, அப்பத்தான் புக்கு." பின்னால் முப்பது பேர் வரிசை. ஏழு பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி இடைவெளியே கிடையாது. அடுத்தவனுக்கு அப்படி அச்சடித்துக் கொடுத்தால் திட்டுகிற நான், படிக்காமல் போட்டுவிட்டேன்.

பங்குனியில் தலைமையாசிரியர் ஒரு லிங்க் அனுப்பினார். "ஐயா, இது உங்க கதைதானே?" யூடியூபில் ஒரு சேனல். ஒரு பெண் குரல் 'சாமக்கொடை'யை முழுசாக வாசிக்கிறது, நடுவில் முடி எண்ணெய் விளம்பரம். என் ஆச்சி சொல்லிக் கேட்டு நான் எழுதின வரி, "வெளக்கு அணைஞ்சா பேரு சொல்லிக் கூப்பிடாத ளா", அதை அந்தக் குரல், எங்கள் பக்கம் பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற அந்த 'ளா'வை விழுங்கிவிட்டு வாசித்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. அன்றைக்குத்தான் படிவத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். அச்சு, ஒலி, ஒளி, இனி வரப்போகிற எந்த வடிவத்திலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக, எல்லா உரிமையும் அவர்களுக்கு.

எனக்குத் தெரிந்த வக்கீல் தம்பி ஒருவர் உட்காரவைத்து விளக்கினார். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவு. உரிமை கைமாற வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா. இவர்கள் இரண்டையும் விவரமாக எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதே பிரிவு, எழுதினவருக்கு என்ன தொகை என்பதையும் ஒப்பந்தத்தில் சொல்லச் சொல்கிறது. "துட்டப் பத்தி ஒரு எழுத்து இல்லியே அண்ணாச்சி, அதப் புடிச்சித்தான் தொங்கணும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். உரிமையையே எழுதிக் கொடுத்திருந்தாலும், எழுதினவன் நான்தான் என்று சொல்லிக்கொள்கிற உரிமை 57-ஆம் பிரிவில் தனியாக நிற்கிறது, அதை யாரும் பிடுங்க முடியாது.

போன் அடித்தேன். முதலில் "பாப்போம்", அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்", அப்புறம் வாட்சப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். ரசீதில் இருந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினேன், அப்படி ஒரு கதவு எண்ணே இல்லை என்று திரும்பி வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். யுபிஐ ரசீது, போஸ்டர், பேசின வாட்சப், படிவத்தின் போட்டோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். சேனலுக்கும் தனியாகப் பதிப்புரிமைப் புகார் போட்டாயிற்று.

அந்த வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவர்கள் இதைப் படித்தால் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். இப்போதைக்குப் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம், சேர்ந்து போட்டால் மனுவுக்குக் கனம் கூடும். குற்றால சீசனுக்கு அடுத்த மாநாடு என்று போன வாரம் புதுப் போஸ்டர் சுற்றுகிறது. பதிவுக் கட்டணம் 500 கூடியிருக்கிறது, யுபிஐயில் அதே மதினி பெயர், புதுமைப்பித்தன் இன்னும் 1948-இல்தான் பிறந்திருக்கிறார். அதற்கு முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். குழுவிலிருந்து தூக்குவதற்குள் பேசினதெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.