ஆப்டிமைசருக்கு எந்த செட்? பிட் வெக்டரா, ஹேஷ் செட்டா, ஸ்பார்ஸ் செட்டா

கம்பைலரில் ஆப்டிமைசர் (புரோகிராமைச் சீராக்கி வேகமாக்கும் பகுதி) எழுத உட்கார்ந்தால் திரும்பிய பக்கமெல்லாம் செட்தான், அதாவது ஒரே ஆள் இருமுறை வராத தொகுப்பு. இந்த இடத்தில் எந்தெந்த மாறிகளின் மதிப்பு இன்னும் தேவைப்படுகிறது, எந்த பிளாக்குகளை (நடுவில் கிளைவிடாத கட்டளைத் தொடர்களை) மறுபடி பார்க்க வேண்டும், எந்தக் கட்டளைகளைத் தூக்கிவிடலாம் என்று எல்லாமே ஒரு செட்டில் போய் நிற்கும். நான் எழுதிவரும் கம்பைலரின் ரெஜிஸ்டர் அலகேட்டருக்கு (மாறிகளுக்கு பிராசசரின் ரெஜிஸ்டர்களை ஒதுக்கும் பகுதிக்கு) மூன்று வகைகளையும் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்பார்ஸ் செட்டை எடுத்துக்கொண்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

உறுப்பினரின் மதிப்பிலிருந்து கணக்கிட்ட இடத்தில் வைக்கும் ஹேஷ் செட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மொழியிலும் கையோடு கிடைக்கிறது, எதை வேண்டுமானாலும் போடலாம். ஆப்டிமைசரில் அதை நான் ஒதுக்குவதற்குக் காரணம் வேகத்தைவிட வரிசைதான். பாயின்டர்களை (மெமரி முகவரிகளை) போட்டு வைத்து, அந்த செட்டை வரிசையாக நடந்தால், மெமரி முகவரி மாறும்போதெல்லாம் நடக்கும் வரிசையும் மாறும். ஒரே சோர்ஸை இரண்டு முறை கம்பைல் செய்தால் இரண்டு விதமான அவுட்புட் வரலாம். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பில் இதற்கென்றே செட்வெக்டர் என்று, போட்ட வரிசையை நினைவில் வைக்கும் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிக்க, ஹேஷ் செட்டுகளைத் தலைகீழாக நடக்க வைக்கும் பில்ட் ஆப்ஷனும் இருக்கிறது.

அடுத்தது பிட் வெக்டர். மாறிகளுக்கு 0 முதல் நம்பர் போட்டுவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் போதும். 10,000 மாறிகளுக்கு 64 பிட் வேர்டுகள் 157, அதாவது 1,256 பைட். யூனியன் எடுக்க (இரண்டு செட்டுகளை ஒன்றாக்க) இதை அடிக்க ஆளில்லை. ஒரு ஆர் (OR) கட்டளையில் 64 உறுப்பினர்கள் சேர்ந்துவிடுவார்கள். லைவ்னஸ் (எந்த மாறியின் மதிப்பு இன்னும் தேவை என்பது) மாதிரி டேட்டாஃப்ளோ கணக்குகளில் பெரும்பாலும் யூனியனும் கழித்தலும்தான், அங்கே இதுதான் சரி.

இப்போது ஸ்பார்ஸ் செட். ரைஸ் பல்கலைக்கழகத்தின் பிரிக்ஸும் டார்சனும் 1993-ல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார்கள். இரண்டு அரே, ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். டென்ஸ் என்ற அரேயில் உறுப்பினர்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக இருப்பார்கள். ஸ்பார்ஸ் என்ற அரே, யார் டென்ஸில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று சொல்லும். காலி செட்டில் 7-ஐச் சேர்த்தால் டென்ஸின் 0-வது இடத்தில் 7, ஸ்பார்ஸின் 7-வது இடத்தில் 0, எண்ணிக்கை 1. அப்புறம் 42 வந்தால் டென்ஸின் 1-வது இடத்துக்குப் போகும். 7 இருக்கிறதா என்று கேட்டால், ஸ்பார்ஸ் காட்டும் இடம் எண்ணிக்கைக்குள் இருக்க வேண்டும், டென்ஸில் அந்த இடத்தில் 7-ம் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் உறுப்பினர். ஸ்பார்ஸில் பழைய குப்பை கிடந்தாலும் இந்தச் சோதனை ஏமாறாது. ஆகவே செட்டைக் காலி செய்ய எண்ணிக்கையை 0 ஆக்கினால் முடிந்தது. எதையும் துடைக்க வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது உறுப்பினர்களை நடந்து பார்க்கும் செலவு. ரெஜிஸ்டர் ஒதுக்க இன்டர்ஃபியரன்ஸ் கிராஃப் (ஒரே ரெஜிஸ்டரைப் பகிர முடியாத மாறிகளைக் கோடு போட்டு இணைக்கும் படம்) கட்டும்போது, பிளாக்கின் கடைசிக் கட்டளையிலிருந்து மேல்நோக்கிப் போவோம். மதிப்பு ஒன்று உருவாகும் ஒவ்வொரு கட்டளையிலும், அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் (மதிப்பு இன்னும் தேவைப்படும்) எல்லா மாறிகளையும் நடந்து ஒரு கோடு போட வேண்டும். ஒரு ஃபங்ஷனில் 10,000 மாறிகள், அப்படிப்பட்ட கட்டளைகள் 50,000 என்று வையுங்கள். சராசரியாக 20 பேர் உயிரோடு இருக்கிறார்கள். பிட் வெக்டரில் அந்த 20 பேரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் 157 வேர்டுகளையும் பார்த்தாக வேண்டும்: மொத்தம் 78,50,000. ஸ்பார்ஸ் செட்டில் 20 பேரை மட்டும் தொட்டால் போதும்: 10,00,000. வேர்டுகள் கேஷில் இருக்கும் என்பதால் இந்த அளவில் வித்தியாசம் பெரிதாக உறைக்காது. ஃபங்ஷன் இரண்டு மடங்கானால்தான் விஷயம் தெரியும். மாறிகளும் இரட்டிப்பு, கட்டளைகளும் இரட்டிப்பு. பிட் வெக்டர் கணக்கு நான்கு மடங்காகி 3,13,00,000-க்குப் போய்விடும். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அதே வேகத்தில் ஏறாது. 20-ஆகவே இருந்தால் ஸ்பார்ஸ் செட் 20,00,000-ல் நிற்கும். மெஷினே எழுதித் தள்ளிய பெரிய ஃபங்ஷன்கள் வரும் கம்பைலருக்கு இந்த வளர்ச்சி விகிதம் பெரிய விஷயம்.

நடந்துகொண்டே நீக்குவதிலும் ஒரு வசதி உண்டு. ஒருவரை நீக்கினால் கடைசி ஆளைத் தூக்கி அந்தக் காலி இடத்தில் வைப்போம். பின்னாலிருந்து முன்னால் நடந்தால், அப்படி வருபவர் ஏற்கெனவே பார்த்து முடித்தவர், யாரும் விட்டுப்போக மாட்டார். முன்னாலிருந்து நடந்தால் ஒருவரைத் தாண்டிவிடுவோம், அதைக் கவனிக்க வேண்டும். நீக்கும்போது வரிசை கலைந்தாலும், ஒரே இன்புட்டுக்கு ஒரே மாதிரிதான் கலையும்.

குப்பை மெமரியைப் படிப்பது கணிதப்படி சரி, ஆனால் மெமரிப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி கத்தும். எல்எல்விஎம்மின் ஸ்பார்ஸ்செட்கூட இதற்காகத்தான் காலாக் வைத்து ஒருமுறை பூஜ்யமாக்கிக்கொள்கிறது. ஒருமுறைதானே, ஒதுக்கிய அரேக்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இதன் விலை மெமரி. 10,000 பேருக்கு நான்கு பைட் எண்களாக இரண்டு அரே என்றால் 80,000 பைட். 2,000 பிளாக்குகளுக்கும் உள்ளே வருவது, வெளியே போவது என்று இரண்டிரண்டு செட் வைத்தால் 32 கோடி பைட், நினைக்கவே வேண்டாம். பிட் வெக்டரில் அதே வேலை சுமார் 50 லட்சம் பைட்டில் முடியும். நான் செய்வது இதுதான்: பிளாக் வாரியான செட்டுகள் பிட் வெக்டரில் இருக்கும், ஸ்பார்ஸ் செட் மொத்தத்துக்கும் ஒன்றே ஒன்று. பிளாக் தொடங்கும்போது அதைக் காலி செய்து, பிளாக்கின் முடிவில் உயிரோடு இருப்பவர்களை பிட் வெக்டரிலிருந்து ஒருமுறை ஊற்றிக்கொள்கிறேன். 157 வேர்டு நடை பிளாக்குக்கு ஒருமுறை என்றால் தாங்கும்.

பாயின்டர் அனாலிசிஸ் (எந்த பாயின்டர் எதைக் காட்டும் என்று கண்டுபிடிப்பது) வேறு கதை. அங்கே நம்பர்கள் பெரிது, செட்டுகள் ஏராளம், யூனியனும் ஓயாது. ஜிசிசி கம்பைலரின் பிட்மேப்பும் எல்எல்விஎம்மின் ஸ்பார்ஸ்பிட்வெக்டரும் 128 பிட் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, காலித் துண்டுகளை விட்டுவிடுவது இந்த மாதிரி வேலைக்குத்தான். அந்த வகையில் என் அனுபவம் சிறிய புரோகிராம்களோடு சரி. அங்கே எதை எடுப்பது என்று கேட்டால், இந்தச் சங்கிலி வகையில் தொடங்கி, அளந்து பார்த்து மாற்றுங்கள் என்பதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.