அடுத்தவர் தளத்தில் எழுதி என்ன கண்டேன்?

மாடித்தோட்டம் பற்றி எனக்கென்று ஒரு வலைப்பூ இருக்கிறது. அது போதாதென்று, மற்றவர்கள் நடத்தும் தளங்களுக்கும் பல வருடங்களாக விருந்தினர் கட்டுரை எழுதிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் காசு கிடையாது. கட்டுரையின் அடியில் பெயரைப் போட்டு, நம் தளத்துக்கு ஒரு சுட்டி (லிங்க்) கொடுப்பார்கள், அவ்வளவுதான். "இதில் உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்காக இது.

சுட்டிக்காக மட்டும் எழுதுவதாக இருந்தால் வேண்டாம். பெரிய தளம் ஒன்று நம்மைக் காட்டினால் கூகுளில் மேலே ஏறிவிடலாம் என்ற ஆசை இன்னும் பலருக்கு இருக்கிறது. தேடலில் குறுக்கு வழியில் மேலே ஏறும் தளங்களைத் தடுக்கும் கூகுளின் வெப்ஸ்பேம் பிரிவுக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸ், சுட்டிக்காக விருந்தினர் கட்டுரை எழுதும் காலம் முடிந்துவிட்டது என்று 2014 ஜனவரியிலேயே எழுதிவிட்டார். தேடலில் இந்தச் சுட்டியைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறிப்பைச் சுட்டியோடு சேர்க்கும் வழக்கம் 2005லேயே வந்தாயிற்று. என் பெயருக்குக் கீழே வந்த சுட்டிகளில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான். அதனால் என் தேடல் இடம் உயர்ந்ததாகவும் தெரியவில்லை, தாழ்ந்ததாகவும் தெரியவில்லை.

வாசகர் வரத்து? கட்டுரை வெளியான ஓரிரு நாள் கூட்டம் இருக்கும், அப்புறம் வடிந்துவிடும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: முகப்புப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தால் வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டுரையோடு நேரடித் தொடர்புள்ள ஒரே ஒரு பக்கத்துக்குக் கொடுத்தால் நின்று படிக்கிறார்கள். (இந்தக் கணக்கையெல்லாம் தனியாக எக்செல்லில் குறித்து வையுங்கள். வாசகர் வரத்தைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலையில் நின்றது, அடுத்த வருடம் அதிலிருந்த தரவும் போயிற்று.)

உண்மையான ஆதாயம் எனக்கு வேறு பக்கத்திலிருந்து வந்தது. சமையல் தளம் ஒன்றுக்குக் கறிவேப்பிலைச் செடி பற்றி எழுதிக் கொடுத்தேன். என் தளத்துக்கு வருபவர்கள் தோட்டக்காரர்கள். எந்த மண்கலவை, எத்தனை அங்குல க்ரோ பேக், புளித்த மோர் எப்போது ஊற்றுவது என்றுதான் கேட்பார்கள். அங்கே வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் எப்போது பறித்துத் தாளிக்கலாம்? கசப்பு இலையில் தங்குமா? இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கிறதே, கழுவினால் போதுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான், அது எச்சமே அல்ல, கறிவேப்பிலையில் முட்டையிடும் அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு என்று படத்தோடு தனியாக எழுத வேண்டியிருந்தது. செடியை எனக்குத் தெரியும். அதைப் பறித்துத் தின்பவரின் கவலை தெரியாது. என் சொந்தத் தளத்தில் எத்தனை வருடம் எழுதியிருந்தாலும் அந்தக் கேள்விகள் வந்திருக்காது, ஏனென்றால் கேட்கிற ஆள் அங்கே வரமாட்டார். அந்தக் கேள்விகளை வைத்தே பல மாதங்களுக்கு எழுத விஷயம் கிடைத்தது.

அடுத்தது, வெட்டுவதற்கு ஒரு ஆள். நம் தளத்தில் நாமே ராஜா, தடுக்க யாரும் கிடையாது. ஒரு தளத்தை நடத்தும் தம்பி, "முதல் மூணு பத்தியைத் தூக்கிட்டேன்க்கா, நாலாவதுலதான் விஷயமே ஆரம்பிக்குது" என்று சாவகாசமாகச் செய்தி அனுப்பினார். கோபம் வந்தது உண்மை. வெளியானதைப் படித்தபோது அவர் செய்ததுதான் சரி என்று பட்டது.

தமிழில் இது புதிய பழக்கமும் அல்ல. தமிழ் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் ஒரு காலத்தில் வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்னிறுத்தினார்கள். வலைச்சரம் என்ற வலைப்பூவில் ஒரு வாரத்துக்கு ஒருவர் ஆசிரியர் பொறுப்பேற்று மற்றவர்களின் பதிவுகளை அறிமுகம் செய்துவந்தார். அந்த ஒரு வாரத்தில் புதிதாகக் கிடைத்த வாசகர்களைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் உண்டு.

தொந்தரவு இல்லாமல் இல்லை. "உங்கள் தளத்தில் இலவசமாக ஒரு கட்டுரை தருகிறோம்" என்று எனக்கே கடிதம் வரும். உள்ளே பார்த்தால் கடன் செயலிக்கோ சூதாட்டத் தளத்துக்கோ சுட்டி இருக்கும். பதிலே போடுவதில்லை. அதே மாதிரிக் கட்டுரைகள் நிரம்பிய தளம் என்னை எழுதக் கூப்பிட்டாலும் போவதில்லை. பக்கத்துக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்த பிறகுதான் சம்மதிப்பது.

இன்னொன்று, தளங்கள் மூடப்படும். நான் எழுதிய சில கட்டுரைகள் தளத்தோடு சேர்ந்து போய்விட்டன, மூலப் பிரதி கையில் இருந்ததால் மறுபடி போட முடிந்தது. மறுபடி போட உரிமை உண்டா என்பது தனிக் கேள்வி. இந்தியாவின் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, யாரிடமும் சம்பளத்துக்கு எழுதாதவரை எழுதியவர்தான் முதல் உரிமையாளர். எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தால் மட்டுமே உரிமை கைமாறும், அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். அதனால் கட்டுரையை அனுப்பும் முன், "ஆறு மாதம் கழித்து என் தளத்திலும் வெளியிடுவேன், சம்மதமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு பதில் வாங்கிக்கொள்கிறேன். இதுவரை மறுத்தவர்கள் குறைவு. மறுத்தவர்களுக்கு நான் எழுதவில்லை.