இரவில் வீட்டைப் பூட்ட எது சரி: பூட்டா, தாழ்ப்பாளா, சைரனா, கேமராவா?

இரவு பத்தரை ஆனால் அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். மொட்டை மாடிக் கதவு, பின்பக்கக் கதவு, சிலிண்டர் ரெகுலேட்டர், கடைசியாக வாசல் கிரில் கேட். கேட்டுக்கு உள்பக்கம் ஒரு திண்டுக்கல் பூட்டு. பூட்டிய பிறகு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

போன வருடம் ஒரு நள்ளிரவில் அவருக்கே நெஞ்சுவலி வந்தது. 108 வண்டி வாசலில் வந்து நிற்கிறது, கரண்ட் இல்லை, சாவி வழக்கமான ஆணியில் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டைப் பையில் எடுத்தோம். அப்பா நலமாகிவிட்டார். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறேன். வெளியே இருப்பவன் இதைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே இருப்பவர் இருட்டில் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் கேள்விக்குப் பூட்டு நல்ல பதில். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. உள்ளே அடுக்கியிருக்கும் லீவர் ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். லீவர் கூடக் கூட, கள்ளச்சாவி போடுவது கடினம். ஆனால் கம்பியோடு வருகிறவன் பூட்டைத் தொடுவதே இல்லை, பூட்டு மாட்டியிருக்கும் கொண்டியைத்தான் நெம்புவான். ஆகவே பூட்டுக்குச் செலவு செய்யும்முன் கொண்டியின் வெல்டிங்கைப் பாருங்கள். மரக்கதவு என்றால் ஸ்க்ரூவைப் பாருங்கள். அரை அங்குல ஸ்க்ரூவில் நிற்கும் தாழ்ப்பாள் ஓங்கி ஒரு உதை விட்டால் பெயர்ந்து வந்துவிடும். நிலைக்கட்டைக்குள் ஆழமாக இறங்கும் நீள ஸ்க்ரூவாக மாற்றச் சொன்னால் ஆசாரிக்கு அது ஒரு மணி நேர வேலை.

இரண்டாவது கேள்வியில் பூட்டு தோற்றுவிடுகிறது. தீப்பிடித்தாலும், கேஸ் கசிந்தாலும், உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் சாவியைத் தேட வேண்டும்.

அங்கே தாழ்ப்பாள்தான் ஜெயிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டும் திறக்கலாம். மரக்கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் குறுக்கே தள்ளும் பெரிய தாழ்ப்பாளான அல்ட்ராப் ஒன்று இருந்தால் எனக்கு அதுவே போதும். சிக்கல் கிரில் கேட்டில்தான். கம்பி இடைவெளியில் கை விட்டால் வெளியிலிருந்தே தாழ்ப்பாளைத் தள்ளிவிடலாம், அதனால்தான் எல்லோரும் பூட்டுக்குப் போகிறோம். இதற்கு வெல்டிங் பட்டறையில் ஒரு வழி உண்டு. தாழ்ப்பாளைச் சுற்றி, கை நுழையாத அளவுக்கு ஒரு இரும்புத் தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். இல்லையென்றால் வெளியே சாவி, உள்ளே குமிழ் வைத்த பூட்டு போடலாம். அதற்கும் குமிழை எட்டாதபடி தகடு வேண்டும்.

டிஜிட்டல் பூட்டுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து கைப்பிடியை அழுத்தினால் திறந்துவிடும் என்ற வகையில் நல்ல வசதி. மறதி உள்ள பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குச் சொல்லுவேன். ஆனால் மழைக்காலத்தில் மரக்கதவு உப்பினால் நாக்கு குழியில் சரியாக உட்காராது. அப்புறம், அது காப்பது ஒரு கதவைத்தான். சாயங்காலம் துணி எடுக்கப் போய் திறந்தபடி விட்ட மாடிக் கதவு அதற்குத் தெரியாது.

அந்த மாடிக் கதவுக்கும் பின்பக்கக் கதவுக்கும் நான் சொல்வது காந்த சென்சார். ஒரு துண்டு கதவில், இன்னொன்று நிலையில் ஒட்ட வேண்டும். இரண்டும் விலகினால் சைரன் அலறும். சில நூறு ரூபாய்தான். பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. படுக்கும் முன் ஸ்விட்சைப் போட மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேமராவை நான் கடைசியில்தான் வைப்பேன். வாசலில் யார் என்று கதவைத் திறக்காமல் பார்க்க உதவும், நடந்ததைப் போலீசிடம் காட்ட உதவும். ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், போனுக்கு எச்சரிக்கை வராது. பூனை நடந்ததற்கெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால் பத்தே நாளில் போனை சைலண்டில் போட்டுத் தூங்கிவிடுவோம். பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் சரியான பிறகு கேமரா வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கிரில் கேட்டுக்குத் தகடு அடித்தாயிற்று. ஊருக்குப் போகும் நாளில் மட்டும் பூட்டு. அதன் சாவிக்கு ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில் தனி ஆணி. ஜன்னல் வழியாகக் குச்சி விட்டாலும் அது எட்டாது. கூடவே ஒரு சின்ன டார்ச்சும் அங்கேயே தொங்குகிறது. அப்பா இன்னமும் பத்தரைக்குச் சுற்று வருகிறார். மாடிக் கதவு மட்டும் என் பொறுப்பு. படியேற அவரை விடுவதில்லை. நான் இறங்கி வரும்வரை கீழே நின்று, "தாழ்ப்பாள் போட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.