செஸ் ஆற்றோரமா, ஹாம்பிள்டன் பள்ளத்தாக்கா, லீத் மலையா? லண்டனை ஒட்டிய மூன்று வட்ட நடைகள்

ஒரு கிராமத்தில் கிளம்பி, காடும் வயலுமாக நடந்து, வழியில் ஒரு பப்பில் மதியச் சாப்பாட்டை முடித்து, போன வழியிலேயே திரும்பாமல் வேறு பாதையில் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்வது ஆங்கிலேயர்களுக்கு வார இறுதி வழக்கம். லண்டனைச் சுற்றி இப்படிப்பட்ட வட்ட நடைகளுக்குக் குறைவே இல்லை. எதற்குப் போகலாம் என்று கேட்பவர்கள் கடைசியில் மூன்றில் வந்து நிற்கிறார்கள். வடமேற்கே செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதற்கும் மேற்கே, சில்டர்ன் குன்றுகளுக்குள் ஹாம்பிள்டன் பள்ளத்தாக்கு. தெற்கே சர்ரியில் லீத் மலை. மூன்றும் அழகானவை என்பதால் அழகை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

என் அளவுகோல் வேறு. வட்ட நடையின் தரத்தை முடிவு செய்வது, வழியில் பப் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான். நடக்கத் தொடங்கிய அரை மணி நேரத்தில் வந்தால் பசி இருக்காது. முக்கால் பங்கு நடந்தபின் வந்தால், கால் ஓய்ந்திருக்கும், சமையலறையும் மூடியிருக்கும். கிராமத்துப் பப்களில் பல, மதியச் சாப்பாட்டை இரண்டரை மணி வாக்கில் நிறுத்திவிட்டு மாலையில்தான் மீண்டும் அடுப்பைப் பற்றவைக்கின்றன. பெரிய ஏற்றத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே ஏறி முடித்திருக்க வேண்டும், வயிறு நிறைந்தபின் மிச்சமிருப்பது இறக்கமும் சமதரையுமாக இருக்க வேண்டும். பாதியைத் தாண்டிய இடத்தில் பப், அதற்கு முன்னால் ஏற்றம். இந்தக் கணக்கு சரியாக அமைந்த வழியில் நடந்தால் பத்து மைல்கூடப் பாரமாகத் தெரியாது.

பப் என்றதும் நம்மில் சிலருக்கு ஊர் மதுக்கடை நினைவுக்கு வந்து, குழந்தைகளோடு எப்படிப் போவது என்ற தயக்கம் வருகிறது. கிராமத்துப் பப் அப்படிப்பட்ட இடமே அல்ல. பாட்டி, பேரன், நாய் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். தேநீரோ எலுமிச்சை சோடாவோ கேட்டு வாங்கலாம். ரொட்டி, செடார் பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய், சட்னி என்று ஒரு தட்டு பெரும்பாலும் இருக்கும், சைவர்களுக்கு அதுவே நிறைவான சாப்பாடு. சேற்றுக் காலணியோடு உள்ளே வரலாமா என்று மட்டும் வாசலில் கேட்டுக்கொள்வது மரியாதை.

செஸ்: ரயிலில் இறங்கியதும் காடு

கார் இல்லாதவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. வடமேற்கு லண்டனில் ஹாரோ பக்கம் வாழும் தமிழர்களுக்கு இன்னும் எளிது. அவர்கள் தினமும் வேலைக்குப் போகும் அதே மெட்ரோபாலிட்டன் ரயில் வழித்தடம், எதிர்த்திசையில், நடை தொடங்கும் சோர்லிவுட்டுக்குப் போகிறது. லண்டன் பொதுப் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் அட்டையே போதும். இந்தப் பாதை 1889இல் சோர்லிவுட் வழியாக செஷம் வரை நீண்டது. பின்னாளில் அந்த ரயில் நிறுவனமே லண்டன்வாசிகளை இங்கே நடக்க வரச் சொல்லி விளம்பரம் செய்தது. இவ்வளவு வசதி இருந்தும், வீட்டுக்கு எதிர்ப்புறம் ஓடும் ரயிலில் ஒருமுறைகூட ஏறாத குடும்பங்கள் பல இருக்கின்றன என்பது எனக்கு வருத்தம்.

செஸ் ஒரு சுண்ணாம்பு ஓடை. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளிவருவதால் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆண்டு முழுவதும் குளிர்ச்சியும் பெரிதாக மாறாது. உலகில் இத்தகைய ஓடைகளில் பெரும்பங்கு இங்கிலாந்தில்தான் இருக்கிறது. சாரட் கிராமத்துக்குக் கீழே, இந்த நீரை நம்பித்தான் வாட்டர்கிரெஸ் என்னும் நீர்க்கீரையைப் பயிரிட்டார்கள். அந்தப் பாத்திகளை ஆற்றோரப் பாதையிலிருந்தே பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆற்றின் மேற்பகுதி வறண்டு போவதும் உண்டு. தெளிந்த நீரோட்டத்தைப் பார்க்க விரும்புபவர்கள் கோடை கடைசிவரை காத்திருக்க வேண்டாம்.

வட்டத்தை எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். சோர்லிவுட்டிலிருந்து நேராக சாரட்டுக்கு நடந்தால், சர்ச் எண்ட் பகுதியில் உள்ள காக் இன் என்னும் பப் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே வந்துவிடும். கடிகாரச் சுற்றில் போக வேண்டும். முதலில் செனீஸ் கிராமம், பிறகு ஆற்றோரம், அதன்பின் ஆற்றிலிருந்து சாரட்டுக்கு ஏற்றம். ஏறி முடித்ததும் பப். சாப்பிட்டபின் கீழிறங்கி, காடு வழியாக ரயில் நிலையத்துக்கு ஒரு மணி நேர நடை. மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர். செனீஸிலிருந்து லாட்டிமர் வரை போய்வந்தால் 15, 16 ஆகும்.

லாட்டிமரைச் சேர்த்துக்கொள்ளவே சொல்வேன். பப் இல்லாத அந்தச் சிற்றூரின் நடுப்புல்வெளியில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் நினைவுச்சின்னம் ஒன்றும், அதன் அருகே அந்தப் போரில் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்ட குதிரை ஒன்றின் இதயம் புதைக்கப்பட்ட இடமும் இருக்கின்றன. மேட்டில் நிற்கும் லாட்டிமர் மாளிகையில் இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியக் கைதிகளை அடைத்து, அவர்கள் தங்களுக்குள் பேசியதை மறைவான ஒலிவாங்கிகள் வழியே ஒட்டுக்கேட்டார்கள். செனீஸ் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் பெட்ஃபோர்டு கோமகன்களின் கல்லறைகள். அங்குள்ள ரெட் லயன் பப், பசி முந்திக்கொண்டால் கைகொடுக்கும்.

குறையும் உண்டு. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை இந்தப் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கிறது. காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் நாளில் சாரட்டுக்குக் கீழே அதன் இரைச்சல் கேட்கும். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஆற்றின் ஆழமற்ற துறைகளில் கூட்டமும் அதிகம்.

ஹாம்பிள்டன்: நாலு ஊர், நாலு பப்

என் மனம் இங்கேதான் தங்கிவிட்டது. காரணம் எளிது. ஹாம்பிள்டன், ஸ்கர்மெட், ஃபிங்கெஸ்ட், டர்வில் என்று நான்கு கிராமங்கள் ஒரே பள்ளத்தாக்கில் வரிசையாக இருக்கின்றன. ஹாம்பிள்டனில் ஸ்டாக் அண்ட் ஹண்ட்ஸ்மன், ஸ்கர்மெட்டில் ஃபிராக், ஃபிங்கெஸ்டில் செக்கர்ஸ், டர்வில்லில் புல் அண்ட் புட்சர். கடைசி மூன்றுக்கும் இடையே ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. நடையில் எதுவும் கணக்குப்படி நடக்காது. குழந்தை அழும், மழை பிடிக்கும், ஒருவருக்குக் குதிகால் கொப்புளிக்கும். அப்போது அடுத்த பப் அரை மணி நேரத்தில் இருக்கிறது என்ற நிம்மதியை மற்ற இரண்டு வழிகளும் தருவதில்லை.

டர்வில்லில் தொடங்குபவர்களே அதிகம். பெண் பாதிரியாரைப் பற்றிய பிபிசி நகைச்சுவைத் தொடர் ஒன்று அங்கே படமாக்கப்பட்டதால் ஊர் புகழ்பெற்றுவிட்டது. நான் ஹாம்பிள்டனில் தொடங்கச் சொல்வேன். கார் நிறுத்த அங்கே முறையான இடம் இருக்கிறது, டர்வில்லின் ஒற்றைத் தெருவில் நிறுத்தி ஊராருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டியதில்லை. அங்கிருந்து வடக்கே பள்ளத்தாக்கின் தரையோடு ஸ்கர்மெட் வரை மேய்ச்சல் நிலம். ஈரமான ஆண்டுகளில் ஹாம்பிள் ஓடை பக்கத்தில் ஓடும். மற்ற காலங்களில் அது இருந்த தடம் மட்டும் புல்லில் தெரியும். பிறகு ஃபிங்கெஸ்ட். அங்குள்ள நார்மன் காலத் தேவாலயத்தின் கோபுரம் பருமனானது. அதன் உச்சியில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இரண்டு முக்கோணக் கூரைகள். இப்படி ஒரு கோபுரத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஃபிங்கெஸ்டிலிருந்து டர்வில்லுக்குப் போகும் பாதை, காப்ஸ்டோன் காற்றாலை நிற்கும் குன்றின் தோளில் ஏறி இறங்குகிறது. காற்றாலை தனியார் வீடு, உள்ளே போக முடியாது. ஆனால் அந்தச் சரிவில் நின்று கீழே பார்த்தால் சிக்கிமுக்கிக் கல்லும் செங்கல்லும் கலந்து கட்டிய வீடுகள், தேவாலயம், பப் என்று டர்வில் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். ஏற்றம் முடிந்தது, பாதித் தூரமும் முடிந்தது, சாப்பாடு கண்ணுக்குத் தெரிகிறது. வட்ட நடையில் பப் எங்கே வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு பீச் (beech) மரக் காடுகள் வழியாகத் தெற்கே திரும்பலாம். முதலில் ஒரு சிறு ஏற்றம் உண்டு. அதற்குப்பின் நிழலும் இறக்கமும்தான். இந்தக் காடுகள் தானாக இப்படி ஆனவை அல்ல. பக்கத்து நகரமான ஹை வைகம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போனது. அதற்காக பாட்ஜர்கள் என்ற கைவினைஞர்கள் காட்டுக்குள்ளேயே கடைசல் இயந்திரத்தை அமைத்து, பச்சை பீச் மரத்தில் நாற்காலிக் கால்களைக் கடைந்தார்கள். உயரமாக, நேராக, கிளை குறைவாக வளர்ந்த மரங்கள் அந்தத் தொழில் விட்டுச்சென்ற சொத்து. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும், பீச் இலை அடர்ந்து வெளிச்சத்தை மறைப்பதற்கு முன்னால், புளூபெல் பூக்கள் தரையை நீலமாக்கிவிடும். பாதையை விட்டு ஓர் அடிகூட அவற்றின் மேல் வைக்கக் கூடாது. மிதிபட்ட இடம் மீண்டும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

வானத்தையும் பார்க்க வேண்டும். செம்பருந்து போன்ற ரெட் கைட் என்னும் பறவை 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அழிந்துபோனது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இன்று இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரம் நடந்தால் பிளவுபட்ட வாலோடு அது தலைக்கு மேலே வட்டமிடுவதைப் பார்க்காமல் இருக்க முடியாது. செஸ் பக்கமும் வருகிறது. ஆனால் இங்கேதான் அதன் வீடு.

மொத்தம் 14 முதல் 16 கிலோமீட்டர். கார் இல்லாமல் வருவது கடினம் என்பதே இதன் பெரிய குறை. பஸ் மிக அரிது.

லீத் மலை: கோபுரத்துக்காக

தெற்கு லண்டனில், டூட்டிங், சட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இது அருகில். ஹோம்வுட் ரயில் நிலையத்திலிருந்து கோல்ட்ஹார்பர் கிராமத்துக்கு ஏறி, அங்கிருந்து 294 மீட்டர் உயர உச்சிக்குப் போகலாம். அங்குள்ள கோபுரத்தை 1765இல் ரிச்சர்டு ஹல் என்பவர் கட்டினார். அவரும் அதன் அடியிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். மேலே ஏறினால் வடக்கே லண்டன், தெற்கே தெளிவான நாளில் கடல். காட்சி ஒன்றையே வைத்து மதிப்பெண் போட்டால் மூன்றில் இதுவே முதலிடம்.

ஆனால் என் கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. கோல்ட்ஹார்பரில் உள்ள பிளவ் இன் என்னும் பப், உச்சிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அங்கே சாப்பிட்டால் மிச்ச ஏற்றத்தை நிறைந்த வயிற்றோடு ஏற வேண்டும். கோபுரத்தடியில் தேநீரும் கேக்கும் கிடைக்கும், அதோடு சமாளித்துக்கொண்டு அபிங்கர் காமனில் உள்ள அபிங்கர் ஹேட்ச் பப் வரை போகலாம். அப்படிப் போனால் திரும்பும் தூரம் நீண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோம்வுட்டில் ரயிலும் நிற்பதில்லை, ஆகவே சனிக்கிழமைதான் போக வேண்டும்.

குளிர்காலத்தில் மட்டும் நான் இதைத்தான் சொல்வேன். மலைமேல் மணற்பாறை நிலம், மழைநீர் உடனே இறங்கிவிடும். பைன் மரங்களும் ஹெதர் புதர்களுமாக ஜனவரியிலும் காலுக்கு உறுதியான தரை கிடைக்கும். சில்டர்ன் குன்றுகளின் மேல்தளத்தில் சுண்ணாம்பின்மேல் களிமண் படிந்திருப்பதால், அதே மாதத்தில் காலணி ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கனக்கும்.

வயலும் மாடும்

மூன்று வழிகளிலும் பாதை தனியார் நிலத்தின் ஊடாகப் போகிறது. அதில் நடப்பது சட்டம் தந்த உரிமை, யாருடைய தயவும் அல்ல. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கானது, நீல அம்பு இருந்தால் குதிரையும் மிதிவண்டியும் வரலாம். வயலின் குறுக்கே போகும் நடைபாதையை உழவர் உழுதுவிட்டால் பொதுவாக 14 நாட்களுக்குள் மீண்டும் நடக்கத்தக்கதாக்கித் தர வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்தில். விளைந்த கோதுமைக்கு நடுவே பாதை போனால் தயங்காமல் ஒற்றை வரிசையில் போகலாம். கன்றோடு நிற்கும் பசுக்களிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சுற்றி ஒதுங்கிப் போவது நல்லது, நாய் கூட வந்து மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். வேலிக் கதவை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச்செல்ல வேண்டும்.

கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஹாம்பிள்டன் பள்ளத்தாக்கில் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் காகித வரைபட வரிசையில் அதற்கு 171ஆம் எண், லீத் மலைக்கு 146.

முதன்முறை நடப்பவர்கள், சிறு குழந்தைகள் உள்ளவர்கள், கார் இல்லாதவர்கள் செஸ்ஸுக்குப் போகட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை எல்லோரும் லீத் மலைக்குப் போகலாம். கார் இருந்து, காலில் வலுவும் இருந்து, ஏப்ரல் கடைசியில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், ஹாம்பிள்டனைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். டர்வில்லில் ஒரு மணிக்கு மேசை சொல்லிவைத்துவிட்டு, காலை பத்து மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். ஞாயிறு என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்.